கழுத்தில் அட்டை கட்டிய விருந்தாளி

விநோதமான பொழுதுபோக்குகளுக்கு உலகத்தில் என்றும் குறைவில்லை. தபால் முத்திரை சேர்ப்போர் உண்டு; பழைய நாணயம் சேர்ப்போர் உண்டு; தீப்பெட்டிப் படங்களைச் சேர்ப்போரையும் நாம் அறிவோம். அண்மைக் காலத்தில் இவர்களோடு புதியதொரு கூட்டத்தாரும் சேர்ந்திருக்கின்றனர். பொம்மைகளை வெளியூர்ப் பிரயாணத்துக்கு அனுப்புகிறவர்கள் இவர்கள்!

ஒரு சிறு கரடிப் பொம்மையையோ துணியாற் செய்த முயற்குட்டியையோ உறையிலிட்டு, முத்திரை ஒட்டி, முன்பின் கண்டறியாத ஒருவருக்குத் தபாலில் அனுப்பிவைக்கின்றனர். பெற்றுக்கொள்பவர் அதனை வீட்டுக்கு வந்த விருந்தாளியாகவே பாவித்துத் தம் ஊரிற் காணத்தக்க இடங்களுக்கெல்லாம் எடுத்துச் செல்கிறார். கோபுர வாசலில் நிறுத்தி ஒரு படம். நீர்வீழ்ச்சியின் அருகே இருத்தி ஒரு படம். பின்னர் ஊர்க்காட்சி அச்சிட்ட தபாலட்டை ஒன்றில் நாலு வரி எழுதிச் சேர்த்து, அடுத்த விருந்து வீட்டுக்கு அதனை வழியனுப்பி வைக்கிறார். பொம்மையின் கழுத்தில் ஒரு சிற்றட்டை தொங்கும். அதன் பெயர், இலக்கம், முடிவில் திரும்பிச் சேரவேண்டிய வீடு ஆகியவற்றை அந்த அட்டை கூறும்.

இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்கிவிடுதல் தகாது. 1964ஆம் ஆண்டில் ஜெஃப் பிரவுன் என்ற அமெரிக்க எழுத்தாளர், பலகையொன்று மேலே விழுந்ததனால் காகிதம்போல் தட்டையாகிவிட்ட ஸ்டான்லி என்னும் சிறுவனைப் பற்றி ஒரு கதை எழுதினார். அச்சிறுவன் உறைக்குள் மடிந்து தபாலிலேயே ஊர் போய் வருவான். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் ஆசிரியராக இருந்த டேல் ஹியூபர்ட், 1995ஆம் ஆண்டில் இக்கதையைப் பாடமாக்கினார். மாணவர் தாமே வெட்டி வண்ணந்தீட்டிய காகித ஸ்டான்லிகளைப் பிற ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பினர். அவை அவ்வூர்ச் செய்திகளோடு திரும்பி வந்தன. பூகோளமும் கடிதக்கலையும் ஒருங்கே கைவந்தன. 2005ஆம் ஆண்டில் பாவுலோ மகல்யாய்ஷ் என்ற போர்த்துக்கேய மாணவர் ‘போஸ்ட்கிராசிங்’ என்னும் தபாலட்டைப் பரிமாற்றத்தை இணையத்தின் துணைகொண்டு தொடங்கினார். அதன் வழியாக இதுவரை 7 கோடிக்கு மேற்பட்ட அட்டைகள் உரியவர் கையை அடைந்துள்ளன. ஜப்பானில் 2010 முதல், பொம்மைகளை மட்டுமே சுற்றுலாக் கொண்டுசெல்லும் நிறுவனமொன்றும் நடந்து வந்திருக்கிறது. நோயினாலும் முதுமையினாலும் வீட்டை விட்டு வெளிவர இயலாதவர்கள் தமக்குப் பதிலாகத் தம் பொம்மைகளை அதில் அனுப்பினர். படங்கள் வரும்போது தாமே போய்வந்ததாக மகிழ்ந்தனர்.

விருந்தினர் ஒருவர் வந்தபோதுதான் நம்மூரை நாம் கண் திறந்து பார்க்கிறோம். அன்றாடம் கடந்து செல்லும் கோயிலின் வயது என்ன, ஆற்றின் பெயர் என்ன என்பன அப்பொழுதுதான் நமக்கு வேண்டியனவாகின்றன. அத்தகைய விருந்தாளிப் பொம்மையொன்று மாத்தளை மாவட்டத்துக்கு வருமாயின் அதனை எங்கெங்கு அழைத்துச் செல்வோம்? வாசகரும் உடன் வரலாம்.

புகையிரதம் நிற்கும் ஊர்

கண்டிக்கு வடக்கே ஏறத்தாழ 16 மைல் தூரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்தது மாத்தளை நகரம். புகையிரதப் பாதை 1880ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தது, அதற்கப்பால் செல்லவில்லை. ஆகவே மாத்தளை நிலையத்தில் இறங்குவோர் யாவரும் பயணத்தின் முடிவுக்கு வந்தவர்களே. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் கைமுட்டியின் கணுக்களைப் போல் எழுந்து நிற்கும். ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் கணவாய்க்கு ஏறினால் பட்டப்பகலிலும் முகில் முகத்தைத் தொட்டுச் செல்லும். இத்தொடரின் காப்புக்காடு 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

நகரத்திலிருந்து வடக்கே சுமார் 3 கிலோமீட்டரில் அலுவிகாரை. கற்பாறைகள் ஒன்றன்மேலொன்று சாய்ந்து குகைகளாகியிருக்கும் இவ்விடத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டதென்பது மரபு. போரும் பஞ்சமும் மனப்பாடமாக வைத்திருந்த துறவிகளைக் கொண்டுபோய்விடுமோ என்ற அச்சமே எழுதத் தூண்டியது. இன்றும் அங்கே எழுத்தாணி கொண்டு ஓலையிற் கீறி, கரியும் எண்ணெயும் கலந்த மை பூசித் துடைத்து, எழுத்துக் கருமையாகத் தோன்றுவதைக் காட்டுகின்றனர். நம் விருந்தாளியின் பெயரையும் ஓர் ஓலை நறுக்கில் எழுதி வாங்கிக் கொள்வோம். உலகத்துத் தபாலட்டைகளுக்கெல்லாம் முப்பாட்டன் அதுவே.

இதே மாத்தளையில் 1848ஆம் ஆண்டில் புதிய வரிகளை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். வீர புரன் அப்பு, கொங்காலேகொட பண்டா என்போர் அதன் தலைவர்கள். ஆங்கிலேயர் அதனை அடக்கிய வேளையில் அலுவிகாரையின் சுவடிகளும் அழிந்தன. எழுதி வைத்தாலும் காத்து வைக்க வேண்டுமென்பதை அவ்விடம் நமக்கு உணர்த்துகிறது.

வடக்கு நோக்கிய பெருஞ்சாலையின் இருமருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். மிளகு, கறுவா, ஏலம், கராம்பு, சாதிக்காய், வனிலா என்று ஒவ்வொன்றையும் செடியிலே காணலாம். சமையலறை டப்பாவில் மட்டுமே அவற்றைக் கண்டறிந்த நகரத்துப் பிள்ளைகளுக்கு மிளகுக்கொடி ஒரு புதுமை. அடுத்து வருவது நாலந்தா. திராவிடச் சிற்ப முறையில் கருங்கல்லாற் கட்டப்பட்ட ‘கெடிகே’ என்னும் பௌத்த ஆலயம் இங்கே உள்ளது. மாமல்லபுரத்தைக் கண்டவர்களுக்கு இதன் உருவம் புதிதாகத் தோன்றாது. மகாவலித் திட்டத்தின் போவத்தன்னை நீர்த்தேக்கம் அமைந்தபோது இவ்வாலயம் மூழ்கிவிடாதபடி கல் கல்லாகப் பிரித்தெடுத்து, உயர்ந்த இடத்தில் மீளக் கட்டினர். கோயிலே ஒருமுறை பிரயாணம் செய்திருக்கிறதென்று நம் பொம்மைக்குச் சொல்லலாம்.

தம்புள்ளைக் குகைக்கோயில்கள் ஐந்தும் சித்திரங்களும் சிலைகளும் நிறைந்தவை. 1991இல் உலக மரபுரிமையாயின. அங்கிருந்து சீகிரியா அண்மையில். 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் தன் அரண்மனையை உச்சியில் அமைத்த இக்குன்றின் ஓவியப் பெண்களை அறியாதார் இலர். ஆயின், ஓவியங்களுக்கருகிலுள்ள ‘கண்ணாடிச் சுவ’ரையே நம் விருந்தாளிக்குச் சிறப்பாகக் காட்ட வேண்டும். பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்த பயணிகள், தாம் கண்டதைப் பற்றிச் சிறு சிறு சிங்களப் பாடல்களை அச்சுவரிற் கீறிச் சென்றனர். பலர் தம் பெயரையும் ஊரையும் மறவாது குறித்தனர். அவற்றுள் 685 பாடல்களைப் படித்தறிந்து பேராசிரியர் செனரத் பரணவித்தான 1956ஆம் ஆண்டில் வெளியிட்டார். ‘நான் இன்னான்; இவ்வூரிலிருந்து வந்தேன்; இதைக் கண்டேன்’ என்ற மூன்று செய்திகளும் அடங்கியதே நல்ல தபாலட்டை. அவ்வகையில் அச்சுவரும் ஒரு தபாலட்டைத் தொகுதிதான். இக்காலத்தில் அங்கு எழுதுவது குற்றம் என்பதைப் பிள்ளைகள் நினைவிற் கொள்க.

படத்தில் இல்லாத பாதை

இவ்வளவோடு விருந்தாளியை வழியனுப்பிவிட்டால், அது கடைகளில் விற்கும் படங்களை மட்டும் பார்த்துச் சென்றதாகவே முடியும். தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குத் திரும்பும் அந்தச் சாலையையே இப்போது சற்று உற்றுப் பார்க்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களிற் பாடுபடுவதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து தமிழர் கூட்டங்கூட்டமாக வந்தனர். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணியின் பின்னே நடந்தனர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காடுகளினூடே தெற்கு நோக்கி மீண்டும் நடந்தனர். குடிக்க நல்ல நீரில்லை; தங்க நிழலில்லை. வாந்திபேதியும் அம்மையும் மலேரியாக் காய்ச்சலும் வழிநெடுகக் காத்திருந்தன. விழுந்தவர்களுள் பலருக்குப் புதைகுழி தோண்டவும் ஆளிருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் அவ்வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர் தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை வந்தடைந்தபோதுதான், உயிரோடு மலைநாட்டை எட்டிவிட்டோம் என்று மூச்சு விட்டனர். பின்னர் இங்கிருந்தே பல திசைகளிலுமுள்ள தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர்.

மாத்தளை நகரின் நடுவே நிற்கும் ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தின் பொருள் இப்போது விளங்கும். அம்மை நோயைத் தணிப்பவள் மாரியம்மன் என்று நம்பிய மக்கள், அந்நோய் உலவிய பாதையின் எல்லையில் அவளை வணங்கி நின்றனர். மரத்தடி வழிபாடாகத் தொடங்கி 1874ஆம் ஆண்டளவிற் கோயிலாக உருப்பெற்ற இத்தலத்தில், இன்று 108 அடி உயரமான இராஜகோபுரம் வானளாவி நிற்கிறது. மாசிமகத்தையொட்டிப் பஞ்சரதங்கள் என்னும் ஐந்து தேர்களும் வீதிவலம் வரும்போது, மலையகமெங்குமிருந்து மக்கள் திரளுவர். 1983ஆம் ஆண்டின் இனக்கலவரத்திற் கோயிலின் ஒரு பகுதி தீக்கிரையாயிற்று, பின்னர் புனரமைக்கப்பட்டது. கோபுரத்தைப் படம் பிடிப்போர் இவ்வரலாற்றையும் அட்டையின் பின்புறத்தில் எழுதுவார்களாயின் நன்று.

அந்தப் பழைய பாதையை இக்காலத்தவர் முற்றாக மறந்துவிடவுமில்லை. மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. முன்னோர் நடந்த திசையிலேயே நடந்து, ஆகஸ்ட் 12ஆம் திகதி அது மாத்தளையை அடைந்தது. பாதையோரத்து மக்கள் பலர் தண்ணீரும் உணவும் கொடுத்து அவர்களை உபசரித்தனர். முன்னோருக்குக் கிடைக்காத விருந்து பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்ததென்றே சொல்ல வேண்டும்.

தகர வில்லையும் தபாலட்டையும்

இங்கே ஒரு வரலாற்று ஒற்றுமை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஆஸ்திரிய ஹங்கேரிய இராச்சியத்தில் உலகின் முதலாவது அரசாங்கத் தபாலட்டை வெளிவந்தது 1869ஆம் ஆண்டில். இலங்கைக் கோப்பியைப் பின்னர் அடியோடு அழித்த இலைநோய் இத்தீவிற் கண்டறியப்பட்டதும் அதே 1869இல்தான். இந்தியாவிற் காலணாத் தபாலட்டை வந்தது 1879ஆம் ஆண்டில். கோப்பிக் காலத்திற் கால்நடையாக வந்தவர்களுட் பெரும்பாலோர், தபாலட்டை என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டவர்கள். ‘சுகமாய்ச் சேர்ந்தேன்’ என்று தாய்க்கு இரண்டு வரி அனுப்ப அவர்களுக்கு வழியில்லை. எழுதுவதற்கு எழுத்தும் கற்றிருக்கவில்லை.

கோப்பி அழிந்து தேயிலை வந்தது. பிந்தி வந்தோர் கப்பலேறியும் புகையிரதமேறியும் வந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர்களை அனுப்புவதற்கென ஒரு முறை வகுக்கப்பட்டது. போகவேண்டிய தோட்டத்தின் குறியிலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த ஒரு தகர வில்லையை ஒவ்வொருவர் கழுத்திலும் கட்டிவிட்டனர். ‘டின் டிக்கட்’ என்று அதற்குப் பெயர். வழியிலுள்ள உத்தியோகத்தர் ஆளிடம் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை; வில்லையைப் பார்த்தாற் போதும். வழிச்செலவு முழுவதும் அவ்விலக்கத்தின் பேரில் தோட்டக் கணக்கில் ஏறும். அது பெரும்பாலும் தொழிலாளியின் கடனாகவே வந்து முடிந்தது.

விளையாட்டுப் பொம்மையின் கழுத்தட்டையில் அதன் பெயர் உண்டு. திரும்பிச் செல்ல ஒரு வீடும் உண்டு. மனிதர் கழுத்திற் கிடந்த அத்தகரத்திலோ இவ்விரண்டும் இருக்கவில்லை.

அதே காலத்தில் இலங்கைக் காட்சிகள் அச்சிட்ட தபாலட்டைகள் உலகெங்கும் பறந்தன. 1890இற் கொழும்பில் நிறுவப்பட்ட பிளாட்டே போன்ற புகைப்பட நிலையங்கள் அவற்றை ஏராளமாக வெளியிட்டன. கூடை சுமந்து தேயிலை கொய்யும் பெண்ணின் படம் அவற்றுட் பெயர்பெற்றது. அப்பெண்ணின் முகம் லண்டனுக்கும் சிட்னிக்கும் சென்றது. அவள் பெயரை எவரும் அச்சிடவில்லை. அவளுக்கென ஓர் அட்டை வந்திருந்தாலும், அது அவள் வாசலுக்கு வந்திராது.

ஏனெனில் தோட்டத்து லயங்களில் வீட்டுக்கு வீடு இலக்கமிட்ட தனி முகவரி இல்லாத நிலை நெடுங்காலம் நிலவிற்று. ஒரு தோட்டத்தின் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கும் தோட்டத்தின் பெயரே முகவரி. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து பிரித்துக் கொடுக்கப்படும். இன்றும் பல தோட்டங்களில் இதுவே வழக்கம். இதனால் நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம், பரீட்சை தொடர்பான கடிதம், வங்கிக் கடிதம் முதலியன காலந்தாழ்ந்து கிடைப்பதும், ஒரே பெயருடைய வேறொருவர் கைக்குப் போவதும், கிடைக்காமலே போவதும் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவரெனப் பங்கிட்டது. அதனாற் பல குடும்பங்கள் கடலின் இரு கரையிலும் பிரிந்தபோது, கடிதமொன்றே உறவாக எஞ்சியது. அக்கடிதத்துக்கும் உறுதியானதோர் வாசல் வேண்டுமல்லவா? தனி முகவரி வேண்டுமென மலையக மக்கள் கேட்டு வருவது ஆடம்பரத்தின் பொருட்டன்று. இலக்கமிட்ட கதவு இருப்பவனே தபாற்காரனை எதிர்பார்த்து நிற்க முடியும். விருந்தாளிப் பொம்மையை அழைக்கவும் அவனாலேயே இயலும்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

பாடசாலை விடுமுறை நாட்களிற் பிள்ளைகள் இப்பொழுதுபோக்கைத் தாமே தொடங்கலாம். பெருஞ்செலவில்லை. தடித்த காகிதத்தில் ஓர் உருவம் வரைந்து வெட்டி, பெயர் சூட்டி, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ சென்னையிலோ உள்ள அத்தை மாமன் பிள்ளைகளுக்கு உறையில் அனுப்புங்கள். ‘உங்கள் ஊரை இவனுக்குக் காட்டி, ஒரு தபாலட்டையோடு திருப்பி அனுப்புங்கள்’ என்று எழுதுங்கள். வெளிநாட்டாருடன் அட்டை மாற்றிக்கொள்ள விரும்புவோர் பெற்றோரின் சம்மதத்தோடும் மேற்பார்வையோடும் மட்டுமே முகவரி கொடுத்தல் வேண்டும். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் ஆசிரியரின் அனுமதி பெற்றுப் பாடசாலை முகவரியைப் பயன்படுத்தலாம்.

விருந்தாளி உங்களிடம் வரும்போது சீகிரியாவையும் தம்புள்ளையையும் தாராளமாகக் காட்டுங்கள். அவை நம் நாட்டுச் செல்வங்கள். அதன்பின் உங்கள் வீட்டு வாசலுக்கும் அழைத்துச் செல்லுங்கள். பாட்டியின் அருகில் இருத்திப் படமெடுத்து, பாட்டியின் பெயரை எழுதுங்கள். அவருடைய பாட்டனார் எவ்வூரிலிருந்து எவ்வழியே வந்தாரெனக் கேட்டு, அதனையும் எழுதுங்கள். படம் அச்சிடுபவர் யாராயினும், அட்டையின் பின்புறம் எழுதுபவருக்கே சொந்தம். அங்கே எழுதுவதற்கு மாத்தளைப் பிள்ளைகளிடம் நிறையச் செய்தியுண்டு. கேட்டறிந்து எழுதும் பொறுமைதான் வேண்டும். பாட்டிமாருக்கு வயதாகிறது, கேட்பதை இந்த விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள்.